பிரிக்காமலே பழுது கண்ட பட்டறை: பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு மாதவரத்தில் ஒரு வைத்தியம்

எங்கள் வீட்டில் இருப்பது 2010ஆம் ஆண்டு ஹூண்டாய் ஐ10. 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு கியர்கள் கொண்ட பழைய பாணி ஆட்டோமேட்டிக், ஓடியிருப்பது 97,000 கிலோமீட்டர். எல்லா நிறுவன வண்டிகளையும் பார்க்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப், இதைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, கியர் பாக்ஸ் போய்விட்டது, இறக்கி ஓவர்ஹால் செய்ய 85,000 ரூபாய் ஆகும் என்று சொன்னது. அதே வண்டியை, மாதவரத்தில் பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு பட்டறை, கியர் பாக்ஸைப் பிரிக்காமலே 11,250 ரூபாயில் சரிசெய்து கொடுத்தது. பழுது எங்கே இருக்கிறது என்று தேடுவதற்காகவே இரண்டு நாள் செலவிட்டு, அந்தத் தேடலுக்குத் தனியாகக் கூலி வாங்குகிற மெக்கானிக்கை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. அவர் வேலை செய்த விதத்தையும், அதில் எனக்கிருக்கும் குறைகளையும், பழைய ஆட்டோமேட்டிக் வண்டியை வைத்துக்கொண்டு விற்பதா வைத்திருப்பதா என்று தவிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வண்டிக்கு வந்த நோயைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது கொடுங்கையூரில். கார் பெரும்பாலும் என் மனைவியின் கையில்தான் இருக்கும். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரால் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையின் நெரிசலில் நிமிடத்துக்கு நான்கு முறை கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால், இந்த வண்டியை விற்றுவிட்டு வேறு வாங்குவதானாலும் இன்னொரு ஆட்டோமேட்டிக்தான் வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனது. கார் பம்பரின் பாதி உயரத்துக்கு மூழ்கி நின்றது. நல்லவேளையாக யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. பிறகு எஞ்சின் ஆயில், பிரேக், இருக்கைக்கு அடியிலிருந்த விரிப்பு எல்லாவற்றையும் மாற்றி ஓட்டத் தொடங்கினோம். ஆறு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை.

அடுத்த ஜூன் மாதத்தில்தான் ஆரம்பித்தது. காலையில் எடுத்தால் வண்டி வழக்கம்போலவே ஓடும். தண்டையார்பேட்டை பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருபது நிமிடம் ஊர்ந்த பிறகு, உள்ளே யாரோ சுத்தியலால் தட்டியதுபோல ஓர் அடி விழும். அதோடு பிக்கப் போய்விடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, மேனுவல் வண்டியை மூன்றாவது கியரில் போட்டு நகர்த்தினால் எப்படி முக்குமோ அப்படி முக்கும். வேகம் 60ஐத் தாண்டினால் எஞ்சின் அலறும், மேல் கியர் விழாது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, மீண்டும் ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பத்து நிமிடமோ இரண்டு நாளோ கழித்து மறுபடியும் அதே அடி. இந்தக் கடைசி விவரம்தான் முழு வழக்கின் சாவி என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நான் முதலில் செய்தது, இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இ.எல்.எம்.327 என்ற புளூடூத் கருவியை வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகியது. கைப்பேசியில் பி0700 என்று மட்டும் காட்டியது. அந்த எண்ணுக்கு, கியர் பாக்ஸின் கணினி ஏதோ ஒரு பழுதைப் பதிவு செய்திருக்கிறது, போய் அதைக் கேள் என்பதுதான் பொருள். மலிவுக் கருவி எஞ்சின் கணினியோடு பேசுவதோடு நின்றுவிடுகிறது. கியர் பாக்ஸின் கணினிக்குள் போக அந்தந்த நிறுவனத்தின் மொழி தெரிந்த ஸ்கேனர் வேண்டும். பெரிய ஒர்க்‌ஷாப்பில் அத்தகைய ஸ்கேனர் இருந்தது. அதில் பி0731 என்று வந்ததும், முதல் கியரின் விகிதம் தவறு, கியர் பாக்ஸுக்கு உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்கள் தேய்ந்து ஸ்லிப் ஆகின்றன, அதாவது பிடிக்காமல் வழுக்குகின்றன என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதற்குக் கீழே பி0717 என்று இன்னோர் எண்ணும் இருந்ததை நானே திரையில் பார்த்தேன். அதைப் பற்றிக் கேட்டதற்கு, பாக்ஸைப் பிரித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்றார்கள்.

மாதவரம் பட்டறையைப் பற்றி எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவின் டாக்ஸி ஓட்டுநர். மாதவரம் ரவுண்டானாவிலிருந்து மூலக்கடை நோக்கி வரும் ஜி.என்.டி. சாலையில் இடதுபுறம் ஓர் உட்தெரு; லாரி பாடி கட்டும் கொட்டகைகளுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம்; அதன் அடியில் மூன்று கார்கள் நிற்கும் அளவுக்குத் தகரக் கூரை. எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். போனில் நான் நோயைச் சொல்லத் தொடங்கியதும் இடைமறித்து மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். பேட்டரியின் வயரைக் கழற்றக்கூடாது, கழற்றினால் பதிவாகியிருக்கும் எண்கள் அழிந்துவிடும். எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவக்கூடாது. முந்தின இரவே வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும், ஏனென்றால் காலையில் முழுக்க ஆறிய நிலையில் அவர் கையாலேயே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிறகு கூலியைச் சொன்னார்: பழுது கண்டுபிடிக்க 1,500 ரூபாய், வேலையை அவரிடம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். சும்மா பார்ப்பதற்கு 1,500 ரூபாயா என்று எனக்குச் சுருக்கென்றது என்பதை மறைக்கவில்லை.

மறுநாள் காலை அவர் பானெட்டைத் திறக்கவேயில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னையும் மனைவியையும் இருபது நிமிடம் கேள்வி கேட்டார். சூடான பிறகா, ஆறியிருக்கும்போதா? ரிவர்ஸ் போட்டால் உடனே பிடிக்கிறதா, தாமதித்துப் பிடிக்கிறதா? ஏ.சி. ஓடும்போது அதிகமா? அடி விழுவதற்கு முன் எஞ்சின் வெறுமனே சுற்றியதா? வண்டி எப்போதாவது தண்ணீரில் நின்றதா? சாவியை அணைத்து ஆன் செய்தால் சரியாகிறது என்று மனைவி சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தேஞ்ச பிளேட்டுக்கு சாவியப் பத்தித் தெரியாதும்மா” என்றார். இந்த வகைக் கியர் பாக்ஸில் ஏதாவது ஒரு சென்சாரின் செய்தி வராமல் போனால், கணினி தன்னைத்தானே காத்துக்கொள்ள மூன்றாவது கியரில் பூட்டிக்கொள்ளும். வீடு போய்ச் சேர அது போதும் என்பது கணக்கு. சாவியை அணைத்தால் பூட்டு விடுபட்டு, கணினி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கும். அதனால் மின்சாரக் கோளாறாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று விளக்கிவிட்டு, ஆனாலும் மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக இல்லை என்று தள்ளாமல் தொட மாட்டேன் என்றார்.

அந்தத் தள்ளும் வேலைதான் நான் கொடுத்த 1,500 ரூபாய். பேட்டரியின் வோல்டேஜையும், எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரையும் முதலில் மல்டிமீட்டரால் பார்த்தார். பிறகு பட்டறையில் உதவிக்கு இருக்கும் பையனை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாறி மாறிப் போடவைத்து எஞ்சின் எவ்வளவு குலுங்குகிறது என்று பார்த்தார். எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருந்தால் கியர் விழும்போதெல்லாம் எஞ்சினே எகிறி மோதும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு கியர் பாக்ஸைப் பிரித்தவர்கள் உண்டாம். எங்கள் வண்டியில் ஒரு மவுண்டிங்கில் விரிசல் இருந்தது, ஆனால் கிழியவில்லை. அடுத்து நியூட்ரலிலிருந்து டிரைவுக்குப் போட்டது முதல் வண்டி பிடிக்கும் வரை எத்தனை நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். ஒரு விநாடியை ஒட்டி இருந்தது. இரண்டு மூன்று விநாடி இழுத்தால் உள்ளே ஆயில் அழுத்தம் குறைவு அல்லது சீல்கள் காய்ந்துவிட்டன என்று பொருள்.

ஆயில் பார்த்த விதத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதினான்கு ஆண்டுகளாக நாங்கள் அதைத் தவறாகவே பார்த்துவந்திருக்கிறோம். எஞ்சின் ஆயிலைப் போல வண்டி ஆறிய பிறகு அணைத்துவிட்டு டிப் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். இந்த வண்டிக்கு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆயில் சூடாக இருக்க வேண்டும், கியர் லீவரை ஒவ்வொரு நிலையிலும் ஒருமுறை நிறுத்தி எடுத்த பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பழைய ஆட்டோமேட்டிக்குகளில் இதற்கு நேர்மாறாக, சூடான எஞ்சினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஒன்றின் முறையை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் அளவு தவறாகத் தெரிந்து, ஆயிலைக் குறைவாகவோ அதிகமாகவோ ஊற்றிவிடுவோம்; அதிகமானால் சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் தாங்காது, நன்றாக இருந்த கிளட்ச் பிளேட் அதனாலேயே ஸ்லிப் ஆகும்.

பாய் டிப் ஸ்டிக்கைத் துணியில் துடைக்கவில்லை. மடித்த வெள்ளை டிஷ்யூ தாளில் ஒரே ஒரு சொட்டு விட்டு, அது பரவும் வரை காத்திருந்தார். நடுவில் கருப்புப் புள்ளி தேங்காமல், ஓரம் வரை ஒரே பழுப்புச் சிவப்பாகப் பரவியது. முகர்ந்து பார்க்க என்னிடம் நீட்டினார். எரிந்த நாற்றம் இல்லை. வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதால் அவர் இன்னொன்றையும் தேடினார். கியர் பாக்ஸுக்கு மூச்சு விட ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியாகத் தண்ணீர் புகுந்திருந்தால் ஆயில் ரோஸ் மில்க் நிறத்துக்குத் திரிந்திருக்கும். ரேடியேட்டருக்குள் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ஓட்டையானாலும் அதே நிறம்தான் வரும். அப்படி வந்தால் கிளட்ச் பிளேட்டின் பசையே ஊறிக் கழன்றுவிடும், காப்பாற்றுவது கடினம். எங்களுக்கு அது இல்லை.

பிரேக்கை முழுக்க அழுத்தி, டிரைவில் போட்டு, ரேஸை முழுக்க மிதித்துப் பார்க்கும் சோதனையைச் செய்ய அவர் கொஞ்சம் தயங்கினார். வண்டிக்கு முன்னும் பின்னும் ஆளில்லாமல், நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, ஐந்து விநாடிக்கு மேல் போகாமல் செய்ய வேண்டிய சோதனை இது. அதற்கு மேல் பிடித்தால், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் கொதித்துவிடும். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வீட்டு வாசலில் யாரும் முயன்று பார்க்காதீர்கள். அவர் நான்கு விநாடி பிடித்தார். எஞ்சின் சுற்று 2,300ஐ ஒட்டி நின்றது. நியூட்ரலில் இரண்டு நிமிடம் ஆறவிட்டு ரிவர்ஸிலும் செய்தார், அதே அளவு. பிளேட்கள் தேய்ந்திருந்தால் எஞ்சின் தடையின்றி மேலே எகிறும். டிரைவில் மட்டும் எகிறினால் ஒரு கிளட்ச், ரிவர்ஸில் மட்டும் எகிறினால் இன்னொன்று என்று பிரித்துச் சொல்லிவிடலாம். இரண்டிலும் எகிறவில்லை. 85,000 ரூபாய் ஓவர்ஹால் அந்த எட்டு விநாடியிலேயே விழுந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதன் பிறகு அவர் ஒரு தவறு செய்தார். லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் பொசிஷன் ஸ்விட்ச் கியர் பாக்ஸின் மேல் வெளிப்புறமாக இருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் பெரும்பாலும் முதலில் கெடுவது அதுதான் என்று சொல்லி, அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவதில் அன்றைய பகல் முழுவதையும் போக்கினார். அதில் லேசான துருதான் இருந்தது. மாலையில் ஒரு சுற்று ஓட்டியபோது பழுது வரவேயில்லை. வராததை வைத்துச் சரியாகிவிட்டது என்று வண்டியைக் கையில் கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை, பழுது என் கண்ணெதிரே ஒருமுறை வந்தாக வேண்டும், நாளைக்கும் விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

இரண்டாம் நாள் நானும் உடன் போனேன். பையன் பின் இருக்கையில் ஸ்கேனரின் திரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வேண்டுமென்றே ஏ.சி.யை முழுக்கத் திறந்துவிட்டு, மெட்ரோ வேலைத் தடுப்புகளுக்கு நடுவே மூலக்கடை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தோம். வேறு நாளில் சலித்துக்கொள்ளும் நெரிசல் அன்று மருந்தாகப் பயன்பட்டது. திரையில் ஆயிலின் வெப்பம் 60 டிகிரியிலிருந்து 90ஐத் தாண்டியது. மேம்பாலத்தில் ஏற்றி இறக்கினார். பிறகு உள்வட்டச் சாலையில் ரெட்டேரி பக்கம் 60 கிலோமீட்டர் வேகத்தில் ரேஸை மெல்லப் பிடித்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கைப் பூப்போலத் தொட்டு எடுத்தார். சீரான வேகத்தில் ஓடும்போது டார்க் கன்வெர்ட்டர் தன்னைப் பூட்டிக்கொள்ளும் நேரத்தில் உதறல் வந்தால், பிரேக்கைத் தொட்டவுடன் பூட்டு விடுபட்டு உதறல் நின்றுவிடும். நிற்காவிட்டால் அது டயரிலோ எஞ்சின் பிளக்கிலோ வரும் உதறல். எங்கள் வண்டியில் உதறலே இல்லை.

திரும்பி வரும் வழியில் அந்த அடி விழுந்தது. “தம்பி, நம்பரப் படி” என்றார் பாய். இந்தக் கியர் பெட்டியில் இரண்டு வேக சென்சார்கள் உண்டு. ஒன்று எஞ்சின் பக்கமிருந்து உள்ளே வரும் சுழற்சியை எண்ணும், மற்றொன்று சக்கரத்தை நோக்கி வெளியே போகும் சுழற்சியை எண்ணும். இரண்டையும் வகுத்துப் பார்த்துத்தான் எந்தக் கியரில் இருக்கிறோம் என்று கணினி சரிபார்க்கிறது. முதல் கியரில் உள்சுழற்சி வெளிச்சுழற்சியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்கும், மூன்றாவது கியரில் இரண்டும் சமம். பையன் படித்த கணத்தில் வெளிச்சுழற்சி 1,400; உள்சுழற்சி பூஜ்ஜியம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது உள்சுழற்சி பூஜ்ஜியமாக இருக்க முடியாது. அடுத்த நொடி 1,400 என்று வந்தது, மறுபடி பூஜ்ஜியம். பெரிய ஒர்க்‌ஷாப்பில் யாரும் பொருட்படுத்தாத பி0717 என்ற எண் சொன்னது இதைத்தான்: உள்சுழற்சி சென்சாரிலிருந்து செய்தி வரவில்லை. அவர்கள் பிடித்துக்கொண்ட பி0731, இந்தப் பொய்யான பூஜ்ஜியத்தை வைத்துக் கணினி போட்ட தவறான வகுத்தலின் விடை. எண்ணுகிறவன் தவறாக எண்ணினால் கணக்கும் தவறாகத்தானே வரும் என்று பாய் சொன்னபோது, பத்து நிமிட ஸ்கேன் எங்கே சறுக்கியது என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

பட்டறைக்கு வந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, டிரைவில் சுற்றவைத்தார். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நீண்ட மரக் குச்சியால் வயர்களை ஒவ்வோர் அங்குலமாக மெல்ல அசைத்தார். ஓரிடத்தில் அசைக்கும்போது மட்டும் திரையில் எண் செத்துச் செத்துப் பிழைத்தது. எஞ்சினை அணைத்து அந்தக் கனெக்டரைப் பிரித்தபோது, உள்ளே பித்தளைப் பாத்திரத்தில் புளித்த தயிரை மறந்துவிட்டால் ஏறுமே, அதே பச்சைக் களிம்பு. ரப்பர் சீலுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. மிக்ஜாம் தண்ணீர் நின்ற அளவு அது. ஒரு கம்பியின் மேலுறையைச் சீவினார். செம்பு நிறம் தெரிய வேண்டிய இடம் கரியைப் போலிருந்தது, அந்தக் கருப்பு கனெக்டரிலிருந்து நான்கு விரல்கடை தூரம் மேலே ஏறியிருந்தது. ஆறியிருக்கும்போது ஒட்டிக்கொண்டிருந்த முனைகள் பெட்டி சூடானதும் விலகியிருக்கின்றன. செம்பு நிறம் வரும் வரை கம்பியை வெட்டி, புதுக் கனெக்டரைப் பற்றவைத்து, சென்சாரின் முனைகளும் அரித்துப் போயிருந்ததால் அதையும் மாற்றினார். சென்சார் பெட்டியின் வெளிப்புறத்தில் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கிறது.

ஆயிலை மாற்றலாமா என்பதில் எங்களுக்குள் சிறு விவாதம் நடந்தது. பழைய ஆட்டோமேட்டிக்கில் ஆயில் மாற்றினால் பெட்டி செத்துவிடும் என்று வடசென்னையில் பாதிப் பேர் சொல்வார்கள். ஏற்கெனவே பிளேட் தேய்ந்து ஸ்லிப் ஆகும் பெட்டியில், பழைய ஆயிலில் மிதக்கும் பிளேட் பொடிதான் கொஞ்சமாவது பிடிப்பைத் தந்துகொண்டிருக்கும். புது ஆயில் ஊற்றியதும் அது போய்விடும், பழி ஆயிலின் மேல் விழும் என்று பாய் விளக்கினார். எங்கள் பெட்டியில் ஸ்லிப் இல்லை என்று சோதித்துவிட்டதால் மாற்றலாம், ஆனால் இயந்திரம் வைத்து அழுத்தித் தள்ளி மாற்ற வேண்டாம் என்றார். அடி நட்டைத் திறந்தால் மொத்த ஆயிலில் ஒரு பகுதிதான் வடியும், மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் ஒருமுறை வடித்து ஊற்றி, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றினார். நட்டின் காந்தத்தில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பசையை விரலில் தேய்த்துக் காட்டினார்; மை போல வழவழவென்றிருந்தால் வயதுக்கேற்ற தேய்மானம், நறநறவென்று துகள் தட்டுப்பட்டால்தான் பயப்பட வேண்டும். எஸ்.பி.3 என்று குறிப்பிட்ட ஆயிலைத் தவிர வேறு எதையும் அவர் ஊற்றவில்லை. ஹோண்டாவுக்கு டி.டபிள்யூ.1, டொயோட்டாவின் பழைய வண்டிகளுக்கு டி4 என்று பெட்டிக்குப் பெட்டி வேறு. எல்லாவற்றுக்கும் பொது என்று விற்கும் டின்னை அவர் பட்டறையில் நான் பார்க்கவில்லை.

பில் இப்படி வந்தது: பழுது கண்டுபிடிக்க 1,500, சென்சார் 2,900, கனெக்டருக்கும் வயரிங்குக்கும் 800, ஆயில் ஏழு லிட்டருக்கு 3,850, கூலி 2,200. வரி எண் இல்லாத லெட்டர் பேடில் கையால் எழுதிய பில். வாரன்ட்டி வாய்மொழிதான். அலுவலகத்தில் பில் காட்டிப் பணம் வாங்க வேண்டியவர்களுக்கு இது உதவாது.

வேறு குறைகளும் உண்டு. காத்திருக்க வேப்பமர நிழலையும் ஸ்டூலையும் தவிர ஒன்றுமில்லை. பெண்கள் பயன்படுத்தக் கழிப்பறை இல்லை. போனை அவர் பத்து முறைக்கு இரண்டு முறை எடுப்பார். வெள்ளிக்கிழமை நண்பகலில் போனால் தொழுகை முடியும் வரை பட்டறையில் ஆளிருக்காது. ஒரே நேரத்தில் மூன்று வண்டிக்கு மேல் எடுப்பதில்லை, நான் ஒன்பது நாள் காத்திருந்தேன். இரண்டு கிளட்ச் கொண்ட டி.சி.டி. வண்டிகளை அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார், அவரது ஸ்கேனர் புதிய வண்டிகள் பலவற்றோடு பேசுவதில்லை. 2014இல் செலேரியோவோடு பரவிய ஏ.எம்.டி. வகையைப் பார்க்கிறார், ஆனால் அது அடிப்படையில் மேனுவல் பெட்டி என்பதால் இங்கே சொன்ன சோதனைகள் அதற்குப் பொருந்தாது. எரிந்த நாற்றமும் உலோகத் துகளும் உள்ள பெட்டி என்றால் அவரும் பிரிக்கத்தான் சொல்வார், அந்த வேலையைத் தானே செய்யாமல் வேறொருவரிடம் அனுப்புகிறார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வண்டியை எடுத்து வந்த பன்னிரண்டாம் நாள் தெரிந்தது. கேப்டன் காட்டன் கால்வாய்ப் பாலத்தருகே மனைவி ஓட்டிக்கொண்டிருந்தபோது அதே அடி, அதே முக்கல். பக்கத்துக் கடைக்காரர் கயிறு கட்டி இழுத்துவிடுகிறேன் என்று அன்போடு வந்தார்; முன் சக்கரம் தரையில் உருளும்படி இந்த வகை வண்டியை இழுத்தால், எஞ்சின் ஓடாததால் உள்ளே ஆயில் பம்ப்பும் ஓடாது, காய்ந்த பெட்டி தேய்ந்துவிடும் என்று சொல்லி மறுத்துவிட்டு, சாவியை அணைத்து ஆன் செய்து மாதவரம் வரை ஓட்டிவந்துவிட்டார். ஸ்கேனரில் இம்முறை பி0722, அதாவது வெளிச்சுழற்சி சென்சார். அதே தண்ணீரில் அதே உயரத்தில் மூழ்கிய இன்னொரு கனெக்டரிலும் அதே களிம்பு. ஒன்றைத் திறந்து பார்த்தவர் ஒரு சாண் தள்ளியிருக்கும் மற்றொன்றையும் அன்றே திறந்து பார்த்திருக்க வேண்டும் என்று நான் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். பாய் வாதாடவில்லை. “என் தப்புதான் சார், திரையில நம்பர் நல்லா வந்ததால தொடல” என்று சொல்லிவிட்டு, கூலி வாங்காமல், கனெக்டருக்கு மட்டும் 400 ரூபாய் வாங்கிக்கொண்டு முடித்துக் கொடுத்தார். அத்தோடு கியர் பாக்ஸைச் சுற்றியிருந்த மற்ற கனெக்டர்களையும் என்னை நிற்கவைத்துப் பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் உள்ளே கிரீஸ் தடவி மூடினார்.

அதன் பிறகு ஏழு மாதங்களில் வண்டி 4,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, அந்த அடி திரும்ப வரவில்லை. சிக்னலில் நிற்கப் போகும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குகையில் மட்டும் ஒரு சின்னத் தட்டல் கேட்கிறது. அது விரிசல் விட்ட அந்த மவுண்டிங், இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், இப்போது காசைப் போடாதீர்கள் என்கிறார். கழற்றிய பழைய சென்சாரையும் இரண்டு கனெக்டர்களையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பில்லோடு கொடுத்திருந்தார்; அடுத்த ஆயில் மாற்றம் எத்தனை கிலோமீட்டரில் என்பதை ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி மேல் வெள்ளை மார்க்கரால் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்.